இரண்டாவது பிரேக்

பிப்ரவரி 3, ஞாயிறு

காலையில் ஷெட்டைத் திறந்தால் என் பழைய பைக்கைக் காணோம். இருந்தது, ஆனால் பாகம் பாகமாக. எஞ்சின் ஒரு போர்வை மேல் படுத்திருந்தது. பின்சக்கரம் சுவரில் சாய்ந்திருந்தது. மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து மண்ணெண்ணெயில் செயினைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் விருட்டென்று எழுந்து நின்றார்.

"ஓடாமதானே கிடந்தது, சார்..."

சார்! கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. மாமனாரை 'சார்' என்று கூப்பிடும் மருமகன் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அதற்குள் மகள் சாக்பீஸும் கையுமாக வந்துவிட்டாள். பள்ளியில் கணக்கு டீச்சர். ஷெட் தரையையும் கரும்பலகை ஆக்கிவிட்டாள். "ரெண்டு பேர் உக்கார்ற கோ-கார்ட் பண்ணப் போறோம்ப்பா. எஞ்சின் உங்க பைக்கோடது. சட்டத்துக்கு மாடி ரூம் இரும்புக் கட்டில். அம்மாகிட்ட கேட்டாச்சு."

பைக் என்னுடையது. அனுமதி கொடுத்தது அம்மா. இந்த வீட்டு நிர்வாகம் எப்போதுமே இப்படித்தான்.

பிப்ரவரி 5, செவ்வாய்

டமார், டுமீர். மதியத் தூக்கம் போயிற்று. இனி ஷெட் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

பிப்ரவரி 6, புதன்

போனேன். கட்டில் சட்டத்தில் வெல்டிங் சரியில்லை. சொல்ல வேண்டாம் என்று வாயை இறுக மூடிக்கொண்டேன்.

சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 8, வெள்ளி

"மாப்பிள்ளைகிட்ட நாலு வார்த்தை பேசினா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று மனைவி கேட்டாள். பேசாமல் இல்லை. "சாப்பிட்டீங்களா" என்று கேட்கிறேன். அவர் "சாப்பிட்டேன், சார்" என்கிறார். அதற்கு மேல் போக இருவருக்கும் வழி தெரியவில்லை. அவர்களுக்கு வேறு வீடு அமையும்வரை இங்கேதான் இருக்கிறார்கள். இன்னும் எத்தனை "சாப்பிட்டீங்களா" கேட்க வேண்டுமோ.

காரணம் தெரிந்ததுதான். அடுத்தவர் வண்டி ஓட்ட, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, 'தேறினார்', 'தேறவில்லை' என்று எழுதுவதுதான் ஓய்வு பெறும்வரை என் உத்தியோகம். பரிசோதனை வண்டியில் என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். என் கால் அதை அழுத்திவிட்டால் ஓட்டியவர் தேறவில்லை. அவ்வளவுதான் விதி. அந்தப் பழக்கத்தில் பஸ்ஸில் போனாலும் என் கால் தரையை அழுத்திக்கொண்டே வரும். ஓடும் வண்டியில் நான் கண்ணயர்ந்ததே கிடையாது.

மாப்பிள்ளையை இரண்டு முறை 'தேறவில்லை' என்று அனுப்பினேன். இரண்டாவது முறை, "நானும் பிரேக் போடத்தான் போனேன், சார், உங்க கால் முந்திக்கிச்சு" என்றார். எல்லோரும் சொல்வதுதான். வாசல் பெஞ்சில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தவருக்கு, எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த என் மகள் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். விஷயம் தண்ணீரோடு நிற்கவில்லை. மூன்றாவது முறை அவர் என் எதிரே வந்து உட்கார்ந்தது பெண் கேட்க.

லைசென்ஸ் கொடுக்காதவருக்குப் பெண்ணைக் கொடுத்தேன். வேறு யாராவது செய்திருந்தால் நானே சிரித்திருப்பேன்.

பிப்ரவரி 10, ஞாயிறு

முதல் வெள்ளோட்டம். எஞ்சின் இன்னும் பொருத்தவில்லை, கையால் தள்ளித்தான். வீட்டுக்குப் பின்னால் மூடிக்கிடக்கும் கிடங்கின் சிமெண்ட் முற்றம்தான் மைதானம். முன்னால் தள்ளுவண்டிச் சக்கரங்கள், பின்னால் என் பைக் சக்கரமும் அதன் ஜோடியாகப் பழைய இரும்புக் கடையில் பொறுக்கியதும், உட்காரக் கால் வெட்டிய இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஸ்டீயரிங் ஏதோ ஒரு காரிலிருந்து கழற்றியது. மாப்பிள்ளை வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவர் என்பதால் போல்ட், நட் எல்லாம் அந்த வம்சம்.

மகள் தள்ளினாள். மாப்பிள்ளை ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தார். வண்டி வலப்பக்கம் திரும்பி நேராகத் துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மனைவியை நோக்கிப் போயிற்று. அவள் ஈரப் போர்வையோடு ஒரு பாய்ச்சல் பாய்ந்தாள் பார், இந்த வயதில்!

ஸ்டீயரிங் கம்பியை இடம் வலம் மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். கணக்கு டீச்சர் போட்ட படத்தில் வண்டி மேலிருந்து பார்த்தபடி இருக்கிறது; மாப்பிள்ளை வண்டியைக் கவிழ்த்துப் போட்டுக் கீழிருந்து பூட்டியிருக்கிறார். ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் "தேறவில்லை" என்றேன். சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. தமாஷாகத்தான் சொன்னேன். மாப்பிள்ளை முகம் சுண்டிப்போனதைப் பார்த்தபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பிப்ரவரி 17, ஞாயிறு

எஞ்சின் ஓடிவிட்டது! ஊரே அதிர்ந்தது. புகைபோக்கிக்குப் பதிலாக எதையோ சொருகியிருக்கிறார்கள், கறுப்புப் புகையில் மூன்று பேர் மூக்கும் கரி. மனைவி கண்ணாடி கொண்டுவந்து ஒவ்வொருவரிடமாகக் காட்டினாள்.

மாலையில் மகள் என் அறைக்கு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்றால் அந்த இடம்தான்.

"அவர் கம்பெனியில வேன் தர்றாங்கப்பா. டூல் பாக்ஸைத் தூக்கிட்டு சைக்கிள்ல அலைய வேண்டாம். லைசென்ஸ் மட்டும் வேணும். அடுத்த மாசம் இருபத்திரண்டாம் தேதி டெஸ்ட்."

"நல்லா ஓட்டினா கிடைக்கப் போகுது. நான்தான் அங்க இல்லையே."

"நல்லாத்தான் ஓட்டுவார். ஆனா பக்கத்துல ஒருத்தர் உக்காந்துட்டா போச்சு. எப்ப பிரேக்கை மிதிப்பாங்களோன்னு அவங்க காலையே பாப்பார். கை நடுங்கும். அங்க யார் உக்காந்தாலும் அவர் கண்ணுக்கு நீங்கதாம்ப்பா." போர்வையின் சுருக்கத்தை நீவிவிட்டாள். "அந்த ரெண்டாவது சீட் யாருக்குன்னு நினைச்சீங்க?"

அவளுக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

இதில் மறுக்க என்ன இருக்கிறது? ஆனாலும் இரண்டு முறை தேறாத ஒருவர் ஓட்ட, அதுவும் கட்டிலில் செய்த வண்டியில்... என் பக்கமும் ஒரு பிரேக் வைத்தால் உட்காருகிறேன் என்றேன். "சரிப்பா" என்றாள். நான் சொன்ன எதற்கும் இவள் இவ்வளவு சீக்கிரம் சரி என்றதில்லை.

பிப்ரவரி 26, செவ்வாய்

இரண்டாவது பிரேக் தயார். கையால் அழுத்திப் பார்த்தேன். நல்ல விறைப்பு. விட்டதும் தானே மேலே வருகிறது. "வேலை சுத்தம்" என்றேன். மாப்பிள்ளை ஏனோ மகளைப் பார்த்தார். மகள் கூரையைப் பார்த்தாள்.

மார்ச் 3, ஞாயிறு

உட்கார்ந்தேன்.

அப்பா, அந்த இரைச்சல்! பல்லெல்லாம் ஆடுகிறது. முற்றத்தில் மனைவி வாளிகளையும் பெயிண்ட் டப்பாக்களையும் வரிசையாக வைத்திருந்தாள். பாதசாரியும் அவள்தான், நினைத்தபோது குறுக்கே நடப்பாள். புறப்படும்போது மாப்பிள்ளையின் கையைப் பார்த்தேன். மகள் சொன்னது உண்மை. ஸ்டீயரிங்கே சேர்ந்து நடுங்கியது.

முதல் வேலையாக ஓடும்போதே என் பிரேக்கைச் சோதித்தேன். மிதித்தேன், வண்டி நின்றது. "தேறியது" என்றேன். அதன் பிறகு மனைவி குறுக்கே வந்தபோது மிதித்தேன், நின்றது. சுவர் வந்தபோது மிதித்தேன், நின்றது. ஆச்சரியம் என்னவென்றால், நான் மிதிக்க மிதிக்க அவர் கை நடுக்கம் குறைந்துகொண்டே வந்தது. மூன்றாவது சுற்றில் உதட்டோரம் சிரித்தார் என்றுகூடச் சொல்வேன்.

இறங்கியபோது காது அடைத்திருந்தது. ஆனாலும் ஜாலி. எழுதுவதில் என்ன வெட்கம் — ரொம்ப ஜாலி.

மார்ச் 5, செவ்வாய்

இன்றும் ஓட்டம். கிடங்கு வாசல் ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தார், பின்னுக்கு உருளவில்லை. வாசலில் தபால்காரர் நின்று வேடிக்கை பார்த்தார். எனக்குக் கொஞ்சம் பெருமைதான். எதற்கு என்று தெரியவில்லை.

மார்ச் 9, சனி

மூக்குக் கண்ணாடியை ஷெட்டில் விட்டுவிட்டேன். வண்டிக்கு அடியில் கிடந்தது. எடுக்கக் குனிந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மாப்பிள்ளை பக்கத்துப் பிரேக்கிலிருந்து கேபிள் ஒன்று பின்சக்கரத்துக்குப் போகிறது. என் பிரேக்கிலிருந்து எதுவும் எங்கும் போகவில்லை. அடியில் கதவுக்கு மாட்டும் ஸ்பிரிங் ஒன்று. அவ்வளவுதான். மிதித்தால் உள்ளே போகும், விட்டால் மேலே வரும்.

பொம்மை! எனக்குப் பொம்மை பிரேக் வைத்திருக்கிறார்கள்! சின்னப் பிள்ளைக்கு மடியில் விளையாட்டு ஸ்டீயரிங் கொடுப்பது மாதிரி. கோபத்தோடு சமையலறைக்குப் போனேன். மனைவி திரும்பக்கூட இல்லை.

"மாப்பிள்ளை கேபிள் போடத்தான் பாத்தார். உங்க பொண்ணுதான் வேண்டாம்னுட்டா."

"உனக்குத் தெரியுமா?"

"அந்த ஸ்பிரிங் நம்ம ஸ்டோர் ரூம் கதவோடது. ரெண்டு வாரமா கதவு ஆடுதே, நீங்க பாக்கல?"

ரோஷத்தோடு அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ஆனால் ஒன்று மட்டும் மண்டையைக் குடைகிறது. நான் மிதித்தபோதெல்லாம் வண்டி நின்றதே. அப்படியானால் நிறுத்தியது யார்?

என் கால் அசைவதைப் பார்த்து அவர் போட்டிருக்கலாம். அல்லது பார்க்க வேண்டியதைப் பார்த்துத் தானே போட்டிருக்கலாம். இரண்டில் எது? இது தெரியாமல் எப்படி எழுதுவது — தேறினார், தேறவில்லை?

மார்ச் 10, ஞாயிறு

யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியில் ஏறினேன். இரண்டு கால்களையும் நாற்காலிக்கு அடியில் மடக்கிப் பின்னிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் பயமாக இருந்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கால் சும்மா இருந்தது வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை.

மனைவி குறுக்கே நடந்தாள். நின்றது. மூலைச் சுவரில் வேகம் குறைந்தது. சரி, இதெல்லாம் பழகிய இடம். நேர்ப்பாதையில் நல்ல வேகத்தில் வந்துகொண்டிருந்தபோது என் மனைவி, நான் சொல்லாமலே, ஒரு காலி பிளாஸ்டிக் டிரம்மைக் கொல்லைக் கதவு மறைவிலிருந்து உருட்டிவிட்டாள். (இவள் என் உத்தியோகத்துக்கு வந்திருந்தால் ஒருவரும் தேறியிருக்க மாட்டார்கள்.) "ஐயோ" என்று எனக்கு வாய்வரை வந்துவிட்டது. வருவதற்குள் வண்டி நின்றுவிட்டது. டிரம் எங்கள் மூக்குக்கு முன்னால் உருண்டு சாவகாசமாகப் போயிற்று.

அவர் என் காலைப் பார்க்கவில்லை. டிரம்மைத்தான் பார்த்தார். என் கால் போயிருந்தாலும் இவர் கால்தான் முந்தியிருக்கும்.

அன்று பரிசோதனை வண்டியில் அவர் சொன்னது ஞாபகம் வருகிறது. அதைப் பற்றி இன்றைக்கு யோசிக்கப் போவதில்லை.

எஞ்சினை அணைத்துவிட்டு மாப்பிள்ளை கேட்டார்: "இன்னைக்கு நீங்க பிரேக்கே போடலையே, சார்?"

"தேவைப்படல" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் டிரம்மைப் பார்த்தேன். தெரிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டாரோ என்னவோ, காது மடல் சிவந்துவிட்டது. சாயங்காலம் ஷெட்டுக்குப் போய் அந்த ஸ்பிரிங்குக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன். மிதிக்கும்போதெல்லாம் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

மார்ச் 15, வெள்ளி

இப்போது நான் ஓட்டுகிறேன், அவர் பக்கத்தில். மனைவிக்கும் ஒரு சுற்று. அவள் ஓட்டியபோது நானும் மாப்பிள்ளையும் சேர்ந்தே கும்பிட்டோம்.

மார்ச் 22, வெள்ளி

டெஸ்ட். "அலுவலகப் பக்கம் வந்தீங்கன்னா நடக்கிறதே வேற" என்று மகள் எச்சரித்துவிட்டுப் போனாள். வீட்டிலேயே இருந்தேன். பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டேன். மனைவி வந்து, "என்னங்க இது" என்றாள். காலுக்கடியில் இருந்த விரிப்பு சுருண்டு மேசைவரை போயிருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே பிரேக் போட்டிருக்கிறேன்.

புதிதாக வந்திருக்கும் பெண் அதிகாரி ரொம்பக் கண்டிப்பாம். நல்லது. கண்டிப்பாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இன்று ஒரு நாள்... சே, என்ன எழுதுகிறேன்.

மதியம் போன். மகள் அழுதுகொண்டே சிரிக்கிறாளா, சிரித்துக்கொண்டே அழுகிறாளா என்று புரியவில்லை. "தேறிட்டார்ப்பா!"

நான் சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பிறகு ஷெட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்ல? சந்தோஷமாக இருந்தது.

ஏப்ரல் 7, ஞாயிறு

பிள்ளைகளுக்கு வாடகை வீடு அமைந்துவிட்டது. நகரத்தின் அந்தக் கோடியில். எல்லோருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம், கம்பெனி வேனில். பின்னால் மனைவியும் மகளும், அவர்களுக்கும் பின்னால் யாருடையதோ ஒரு வாஷிங் மெஷின். முன்னால் மாப்பிள்ளையும் நானும். என் பக்கம் பிரேக் ஏதும் இல்லை. காலை நீட்ட இடம் தாராளம்.

வீடு நன்றாக இருக்கிறது. கோ-கார்ட் நிறுத்த அங்கே இடமில்லை என்பதால் அது நம் ஷெட்டிலேயே இருக்கும். ஞாயிறுதோறும் வந்தாக வேண்டும். நான் இதற்காக ஒன்றும் ஏற்பாடு செய்யவில்லை.

திரும்பும் வழியைப் பற்றி எழுதலாம் என்றால் ஒன்றும் ஞாபகமில்லை. பாலம் ஏறியது தெரியும். பிறகு யாரோ தோளைத் தொட்டார்கள்.

"மாமா, வீடு வந்தாச்சு."

நான் குறட்டை விட்டேனாம். மனைவி சொல்கிறாள்.