ஐஸ்பெட்டி தூக்கின அன்னிக்கு

என்னங்க,

நான் பேக்டரிக்குக் கிளம்பிட்டேன். கஞ்சி பிளாஸ்கில இருக்கு. குடிச்சிட்டு மாத்திரை போடுங்க. ஆபரேஷன் செஞ்ச முதுகு, குனியாதீங்க லா.

நேத்து காஜாங்ல இருக்கிற உங்க அக்காகிட்ட, "வாசுகி இல்லாட்டி நான் எழுந்து நடந்திருக்கவே மாட்டேன்"னு சொன்னீங்க. எனக்குச் சோறு இறங்கல. அன்னிக்கு பிளாட் படியில நம்ம சமையல்கட்டு ஐஸ்பெட்டியைத் தூக்கினப்ப என் கை வழுக்கல. போன் அடிச்சுச்சு, எடுக்கணும்னு நான்தான் கையை விட்டேன். மொத்தப் பாரமும் உங்க மேல சாஞ்சு, டிஸ்க் விலகி நரம்பை அழுத்திடுச்சு. டாக்டர் கேட்டப்பகூட வழுக்கிடுச்சுன்னுதான் சொன்னேன். நேருல சொல்ல வாய் வரல.

வாசுகி

பி.கு: அஞ்சு மணிக்கு வந்துருவேன். எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க, படுத்துக்கிட்டே திட்டுங்க. கதவைத் திறக்க எழுந்து வராதீங்க, சாவி என்கிட்ட இருக்கு.