ஃப்ரீசரில் ஒரு தூக்கு கொண்டைக்கடலை

இரும்புலியூர்,
விஜயதசமிக்கு மறுநாள்

அன்பு மகள் தீபலட்சுமிக்கு,

அப்பா எழுதுவது. க்ளாஸ்கோ குளிரில் நீ உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், என் முழங்கால் வலி என்னைவிடச் சௌக்கியம். ஃபோனிலேயே சொல்லலாம், ஆனால் ஸ்பீக்கரில் போடச் சொல்லி அம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள், அவளைப் பற்றி அவள் எதிரிலேயே எப்படிப் பேசுவது, அதனால்தான் சாம்பார்ப் பொடி பார்சலோடு இதையும் வைக்கிறேன்.

போன மாதம் நீ, டின்னில் விற்கிற கடலை கட்டுப்படியாகவில்லை, காய்ந்த கடலையும் காராமணியும் வாங்கி ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக வேகவைத்து ஃப்ரீசரில் வைத்து வாரம் முழுக்க ஓட்டுகிறேன், பார்ட்-டைம் சம்பளத்தில் மிச்சமே பிடிக்கிறேன், கூடுவாஞ்சேரி மனையை எனக்காக விற்காதீர்கள் என்று சொன்னாயே, அன்றிலிருந்து வீட்டில் ஒரே அழுகை. சமைத்ததை மறுநாளைக்கு வைப்பது அம்மாவுக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும், நம் ஃப்ரீசரில் ஐஸ் தட்டைத் தவிர எதைப் பார்த்திருக்கிறாய். எம் பொண்ணு பழசத் தின்னுட்டுத்தான் படிக்கணுமா, மனைய வித்து அனுப்புங்க, இல்லன்னா அவள வந்துடச் சொல்லுங்க என்று ஒரே பிடிவாதம். தாங்க முடியாமல் நானும் புரோக்கரை வரச் சொல்லிவிட்டேன்.

இதற்கிடையில் உன் முறை உருப்படாது என்று நிரூபிக்க அம்மாவே இறங்கினாள். கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்து, பிளாஸ்டிக்கில் வைக்க மனசு வராமல், எவர்சில்வர் தூக்கில் தண்ணீரோடு கழுத்துவரை நிரப்பி, மூடியை அழுத்தி மூடி ஃப்ரீசரில் வைத்தாள். கெட்டுப்போனதும் உனக்கு வீடியோவில் காட்டுவதாகத் திட்டம். சரஸ்வதி பூஜையன்று சாமிக்குப் புதிதாகச் செய்த சுண்டல் கொஞ்சம்தான், சாயங்காலம் பார்த்தால் பக்கத்துத் தெரு பஜனை கோஷ்டி மொத்தமாகக் கொலு பார்க்க வந்து நிற்கிறது. கடலை என்ன நினைத்தவுடன் வேகிற சாமானா? அம்மா என்னைப் பார்த்தாள், நான் ஃப்ரிட்ஜைப் பார்த்தேன். தூக்கை எடுத்தால், கழுத்துவரை இருந்த தண்ணீர் உறைந்து உப்பி மூடியை இறுக்கிக்கொண்டு திறக்கவே இல்லை. குழவியால் தட்டினேன், ஒடுங்கியதுதான் மிச்சம். மாடி வீட்டு ஷபீனா சத்தம் கேட்டு வந்து, இன்னா சார், அடிச்சா தொறந்துடுமா என்று சிரித்துவிட்டு தூக்கை வெந்நீரில் வைத்துச் சுற்றிப் பிடித்தாள், திறந்துகொண்டது.

தாளித்துத் தேங்காய் போட்டுக் கொடுத்தோம், எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். எப்டிங்க இவ்ளோ பதமா வெந்துகீது என்று ஒரு அம்மாள் கேட்டாள். உன் அம்மா உடனே, இது எம் பொண்ணு முறைங்க, வெளிநாட்டுல வேலையும் பாத்துக்கினு படிக்கறா, எங்க கிட்ட ஒரு பைசா கேக்கல என்று கூடம் கேட்கச் சொன்னாள். எனக்கு வந்த பெருமையில் எங்கே நிற்பது என்று தெரியாமல் கொலுவுக்குப் பின்னால் போய் நின்றேன். இன்று காலை புரோக்கர் வந்தபோது நான் செருப்பு மாட்டுவதற்குள் அம்மாவே கேட்டுக்குப் போய், விக்கறதா இல்லங்க, பொண்ணு வேணாம்னுட்டா என்று அனுப்பிவிட்டாள்.

அதற்காகக் கடலையையே தின்றுகொண்டிருக்காதே, முட்டையும் கீரையும் வாங்கு, பெருங்காயம் சேர்த்துக்கொள், காதை மூடிக்கொண்டு வெளியே போ. படிப்பு நல்லபடியாக முடிந்து நீ நினைத்த இடத்துக்கு வர வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. தைக்கு டிக்கெட் போட மறந்துவிடாதே. வந்ததும் தாளித்துக் கொடுக்க உன் பங்கை அம்மா ஃப்ரீசரில் எடுத்து வைத்திருக்கிறாள், அதே ஒடுங்கின தூக்கில், இந்த முறை முக்கால்வாசிதான் நிரப்பியிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா கேசவன்