பலகையில் நின்றுபோன வரி

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவள் எழுதுகிறேன். இங்கே மூவரும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

வியாழக்கிழமை வீட்டில் யாரும் இல்லாதபோது போன் அடித்தது. வழக்கம்போல அடித்து ஓயட்டும் என்று விட்டிருப்பேன். நீயாக இருக்குமோ என்று எடுத்துவிட்டேன். பேசியது உன் கல்லூரித் துறைத்தலைவர். "உங்க அக்கா அங்க வந்தாங்களாம்மா? வேலைக்கும் வரல, போனும் எடுக்கல" என்றார். இல்லை என்று மட்டும்தான் சொன்னேன். பிறகு அவரே எல்லாம் சொன்னார்.

உனக்குப் பேர் வாங்கித் தந்த தேற்றத்தை வகுப்பில் நிரூபித்துக்கொண்டிருந்தாயாம். ஒரு மாணவி எழுந்து, "இந்த வரி எப்படி மேடம் வந்துச்சு?" என்றாளாம். 'இது வெளிப்படை' என்று உன் ஆராய்ச்சிக் கட்டுரையில் நீ எழுதித் தாண்டிப்போன இடமாம் அது. விளக்கப் போனவள் சாக்பீஸோடு அப்படியே நின்றுவிட்டாயாம். "இது தப்பு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாயாம். நீ விளையாடுகிறாய் என்று நினைத்துப் பிள்ளைகள் மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்களாம். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அன்று மாலையே நீ எழுதி அனுப்பிவிட்டாயாம். அதை வைத்துத்தான் அடுத்த மாதம் உன் வேலையை நிரந்தரமாக்க இருந்தார்களாம். நீகூடத் தப்புச் செய்வாய் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அப்பா சட்டைப் பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டுக் கத்தினார். "இத்தனை வருஷமா எவன் கண்ணுலயும் படல. இவளுக்கு என்ன அவசரம்? வாயை மூடிக்கிட்டு இருந்தா என்ன?" அம்மா, "பெத்த பொண்ணு எங்கன்னு தெரியல, உங்களுக்குக் கட்டுரை கேக்குதா?" என்று ஒரு போடு போட்டாள். அன்றிலிருந்து அப்பா சவரம் செய்யப் போகிறேன் என்று கிளம்பி, பஸ் நிலையத்தில் போய் நிற்கிறார். தாடியோடுதான் திரும்புகிறார். "கடை இன்னும் தெறக்கலையோ?" என்கிறாள் அம்மா.

நேற்று உன் வீட்டுக்காரம்மாவிடம் பேசினோம். நீ உள்ளேதான் இருக்கிறாய், குழாய்ச் சத்தம் கேட்கிறது, தட்டினால் திறப்பதில்லை என்றார். இந்தக் கடிதத்தை உன் கதவுக்கடியில் தள்ளச் சொல்லி அவருக்குத்தான் அனுப்புகிறேன்.

"நிரூபணத்துல இருக்குற ஓட்டையை அடைக்க முடியுதான்னு சேர்ந்து பாக்கலாம். முடியலன்னா போகட்டும். மொதல்ல அவங்க வரட்டும்" என்றார் துறைத்தலைவர். ஒன்பதாவதோடு நின்றவளுக்கு அந்த ஓட்டையெல்லாம் புரியாது. நான் பள்ளியை விட்ட அன்று எல்லாரும் ஏன் ஏன் என்று துளைத்தார்கள். நீ மட்டும் ஒன்றும் கேட்காமல் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாய். நானும் ஒன்றும் கேட்க மாட்டேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலைப் பஸ்ஸில் ஏறுகிறேன். தனியாகத்தான். டிக்கெட்டை அப்பாவே எடுத்துக் கொடுத்தார். மதியம் அங்கே இறங்கிவிடுவேன். யாரிடமும் வழி கேட்க எனக்கு வாய் வராது என்று உனக்குத் தெரியும். நீ வரும்வரை இறங்கிய இடத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். கதவைத் திறந்துகொண்டு வா, அக்கா.

உன்னை நம்பிப் புறப்படும்
சின்னவள்