ஈர்க்குச்சியில் கட்டிய தெற்கறை

நாள் 63. காலை 07:40

இந்தப் பதிவேட்டில் அளவுகளை மட்டுமே எழுத வேண்டும். வேறு சிலவும் கலந்துவிடும் போலிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனது நான் ஒருத்திதான். எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று கேட்க ஆளில்லாமல் வளர்ந்துவிட்டேன்.

என் பெயர் இசக்கியம்மாள். நிலவின் தென்முனையில் நில அதிர்வு நிலையத்தில் தனியாக இருக்கிறேன். நிலையம் என்பது வடக்கே ஓர் அறை, தெற்கே ஓர் அறை, நடுவில் ஒரு கதவு. காற்றழுத்தம் சரி. அதிர்வுமானி சரி.

வேலையின் மறுபாதி பள்ளிக்கூடம். விளாத்திகுளம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கு வானொலியில் நிலநடுக்கப் பொறியியல் வகுப்பு எடுக்கிறேன். இந்த மாதம் போட்டி வைத்திருக்கிறேன். என் நிலையத்தையே ஈர்க்குச்சியில் கட்ட வேண்டும். மூட்டுக்கு ஒரு சொட்டுப் பசைதான். தையல் மிஷின் மோட்டாரில் ஓடும் குலுக்கு மேசையில் வைத்து, இங்கே பதிவான அதிர்வை ஓடவிட்டு ஆட்டிப் பார்ப்பார்கள்.

நாள் 66. 11:05

ஒன்பதாம் வகுப்பு பாண்டீஸ்வரியின் குழு முதலிடம்.

"அக்கா, கடைசி வரைக்கும் நின்னுச்சுக்கா! ரியாஸ் கட்டுனது மேசைய தொட்டதுமே விழுந்துட்டு."

"விழலக்கா. உங்களுக்குக் கும்பிடு போட்டுச்சு. மரியாத தெரிஞ்ச கட்டடம்" என்றான் ரியாஸ்.

சிரித்தேன். இங்கே சிரித்தால் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது.

நாள் 67. 14:20

பெரிய அதிர்வு. பூமியில் என்றால் ஒரு நிமிடத்தில் அடங்கும். இங்கே பாறையில் ஈரம் இல்லை. மணி அடித்த மாதிரி நெடுநேரம் அதிர்ந்துகொண்டே இருந்தது. பெரிய அலைவாங்கி சாய்ந்துவிட்டது. பள்ளிக்கான சிறிய வானொலி மட்டும் வேலை செய்கிறது. காற்றுக் கலன் ஒன்று உடைந்தது. மிச்சமிருப்பது ஓர் அறைக்குத்தான் போதும்.

நாள் 67. 17:50

அறிவியல் ஆசிரியர் அருளானந்து கட்டுப்பாட்டு மையத்துக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு வந்து சொன்னார்.

"மீட்பு ஓடம் வர பன்னெண்டு நாள் ஆகுமாம்மா. அதுக்குள்ள இன்னொண்ணு ஆடலாம்ங்காங்க. கணக்குப்படி ரெண்டு அறையும் ஒண்ணுதானாம். எதுலயாவது இருந்துக்கோங்கன்னு சொல்லுதாங்க."

இன்றைய அதிர்வைப் பள்ளிக்கு அனுப்பினேன். முதலிடம் வந்த மாதிரியை அதில் ஆட்டினார்கள்.

"வடக்குதான்கா சாஞ்சது. தெக்கு அப்படியே நிக்கி. தெக்க போயிருங்க" என்றாள் பாண்டீஸ்வரி.

காற்றுக் கலன்களையும் உணவையும் தெற்கறைக்கு மாற்றினேன். கதவை அடைத்தேன்.

நாள் 70. 09:15

மறுபடி ஆடியது. தெற்கறையில் கூரையும் சுவரும் சேரும் மூட்டு பிளந்துவிட்டது. பிசின் பூசினேன். கசிவு குறைந்தது; நிற்கவில்லை. நடுக்கதவின் சட்டம் கோணிவிட்டது. கடப்பாரைக்கும் அசையவில்லை.

விண்வெளி உடையணிந்து வெளியே போனேன். சாய்ந்திருந்த அலைவாங்கி இப்போது முழுதாக விழுந்து வடக்கறையின் வெளிவாசலை அடைத்துக் கிடக்கிறது. தள்ளினேன். நகரவில்லை. வடக்கறையில் ஒரு கீறல்கூட இல்லை.

பயம் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. சாப்பிட்டேன்.

நாள் 71. 16:30

பாண்டீஸ்வரி தனியாகப் பேசினாள்.

"அக்கா, கேக்குதா? சார் இல்ல. ஒண்ணு சொல்லணும். போட்டிக்குக் கொண்டு வரும்போது பஸ்ல ஒருத்தரு மூட்டைய எங்க மாடல் மேல வச்சிட்டாருக்கா. தெக்கு ரூம்பு ஒடிஞ்சிட்டு. நூலச் சுத்தி, பசைய அப்பி ஒட்டிட்டோம். சொன்னா போட்டியவிட்டு எடுத்துருவாங்கன்னு சொல்லல. அதனாலதான் தெக்கு நின்னுச்சோன்னு... ராத்திரி தூக்கமே இல்லக்கா. நீங்க இப்ப எந்த ரூம்புல இருக்கிய?"

பிளந்த கூரை மூட்டைத் திரும்பிப் பார்த்தேன். பிசின் ஓரத்தில் உறைபனி பிடித்திருந்தது.

நான் அனுப்பிய பதில்: "வடக்குலதான் இருக்கேன். உங்க மாடல நம்பி எவளாவது ரூம்பு மாறுவாளா? போட்டி கூத்துக்கு வச்சது, பிள்ள. போய்த் தூங்கு."

பிறகு, "போங்கக்கா, நிசமாவே பயந்துட்டேன்" என்றாள். அழுதிருந்தாள் என்று தெரிந்தது.

நாள் 72. 10:00

வகுப்பு நாள். எடுத்தேன். ஒடிந்ததை ஒட்டினால் அதையும் குறித்துவைக்க வேண்டும் என்பதைப் பொதுவாகச் சொன்னேன், யார் பெயரும் சொல்லாமல். அழுத்தம் பாதியாகிவிட்டதால் என் குரல் மெலிந்திருக்கிறது.

"அக்கா, என்ன எலி பேசுத மாதிரி இருக்கு?" இது ரியாஸ்.

வானொலிக் கோளாறு என்றேன்.

நாள் 74

மணி பார்க்கவில்லை. விரல் நகங்கள் நீலமாக இருக்கின்றன. தெற்கு மூட்டு பிளந்த நீளம், அகலம், வெப்பநிலை எல்லாம் தனிப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த நிலையத்தை மாற்றிக் கட்டுங்கள். அதற்காகத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. முதல் முறை பார்க்கிறவர்களிடம் கேட்கிற விஷயமில்லை. கேட்கக் கூச்சமாகவும் இருந்தது.

மீட்பு ஓடத்தில் நீங்கள் வந்ததும் படம் எடுப்பீர்கள். பள்ளியில் அதைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். எடுப்பதற்கு முன் நடுக்கதவை அறுத்து என்னை வடக்கறையில் கிடத்திவிடுங்கள். கலன் உடைந்ததால் காற்று தீர்ந்தது என்று சொல்லுங்கள். போர்வை, தண்ணீர்ப் பை, சாப்பிட்ட தட்டு, எல்லாவற்றையும் அங்கே போடுங்கள். நான் அங்கே இருந்த மாதிரி

பாண்டீஸ்வரி படத்தில் தட்டைத்தான் முதலில் தேடுவாள்