லிஃப்ட் விழுந்ததும் சின்ராசு ஜீப்பும்

அன்புள்ள ஆத்தாவுக்கு அன்புச்செல்வன் எழுதுவது. இடுப்பு வலி குறைந்ததா? துபாயில் நான் நலம்.

போன வாரம் நான் பழுது பார்த்துக்கொண்டிருந்த லிஃப்ட், கயிறு நழுவி அரை மாடி விழுந்து, பிரேக் பிடித்து நின்றது. நான் உள்ளே இருந்தேன். கால் வீங்கியது, வடிந்துவிட்டது. எங்கள் சூப்பர்வைசர் இன்ஜினியரிங் படித்த மதுரைக்காரன். "ஒரு நொடி புவியீர்ப்பே இல்லாமப் போச்சுல்ல, விண்வெளி மாதிரி" என்கிறான். புவியீர்ப்பு இல்லையென்றால் லிஃப்ட் எதற்கு விழுந்ததாம்? இவன் எனக்கு மேலதிகாரி.

விண்வெளி நிலையம் சுற்றும் உயரத்திலும் புவியீர்ப்பு பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. நிலையம் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. பக்கவாட்டில் அசுர வேகத்தில் ஓடுவதால், அது விழ விழ உருண்டைப் பூமியும் வளைந்து விலகிப் போகிறது. உள்ளே இருப்பவர்களும் அதோடு சேர்ந்தே விழுவதால் தரை அவர்கள் காலைத் தாங்குவதில்லை, மிதக்கிறார்கள். நானும் லிஃப்டும் விழுந்தது அப்படித்தான். அவர்களை எதுவும் நிறுத்துவதில்லை, என்னைப் பிரேக் நிறுத்தியது.

ஏலத்தோட்டத்துக்கு உங்களை ஏற்றிப்போகும் சின்ராசு, போடிமெட்டு ரோட்டு மேட்டில் ஜீப்பைப் பறக்கவிட்டு, "ஆத்தா, விண்வெளிக்குப் போயிட்டு வந்துட்டீக" என்றதாகப் போனில் சிரித்தாயே, உன் இடுப்பு வலி அன்றைக்குத்தானே தொடங்கியது? அந்தக் கூமுட்டைக்கு ஏலக்காய் மூட்டையும் ஆளும் ஒன்றுதான். இனி முன் சீட்டில் உட்கார். மேடு வந்தால், "மெல்லப் போடா" என்று அதட்டு.

லீவில் ஊருக்கு வந்திருக்கும் என் அறைக்காரன் விஜயகுமார் திரும்பி வரும்போது அவனிடம் பருப்புப்பொடி கொடுத்துவிடு. ஜீப்பில் நீங்களெல்லாம் பேசிக்கொண்டு போவதைப் போனில் பதிந்து அனுப்பு. சின்ராசு பேச்சும் இருந்தால் இருக்கட்டும்.

வண்டி வந்துவிட்டது. அதே லிஃப்டுக்குத்தான் போகிறேன். புதுக் கயிறு, பயப்படாதே.

அன்பு