பத்து மணிக்குள் வர வேண்டிய அப்பா

ஜூன் 14, ஞாயிறு. விடிந்ததிலிருந்து தூறல்.

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்கவும். (டயரியிடம் மன்னிப்பு கேட்கிறேன். இந்த நிலைமை.) ராத்திரி மணி பன்னிரண்டே கால்.

காலை பத்து மணி. கீழ் வீட்டு சான்வியும் என் நிவியும் மாடிப்படியில் விளையாட்டு. இரண்டுக்கும் ஏழு வயது. வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டிதான் டைம் மெஷின். பெட்டி சான்வியோடு சறுக்கிக் கீழே போய்விட்டது. ஒன்பது படி. வலது முழங்கை முறிவு. மத்தியானமே ஆபரேஷன், உள்ளே கம்பி. அவள் அப்பாவுக்கு ஹெப்பாளில் ஷிப்ட், போன் எடுக்கவில்லை. ஆட்டோவில் அவள் அம்மா சுமாவோடு நான்தான் போனேன், நிவியையும் இழுத்துக்கொண்டு. சுமா அங்கேயே தங்கிவிட்டாள், நானும் நிவியும் ஆறு மணிக்குத் திரும்பினோம்.

பெட்டியைத் தூக்கிப் போடாமல் விளையாடக் கொடுத்தது நான்.

ஏழு மணிக்கு வெளிநாட்டிலிருந்து ரகுவின் அழைப்பு. அங்கே காலை எட்டரை. நான் சமையலறையில், சுமாவுக்குக் கொடுத்தனுப்ப ரசம் சாதம். ஹாலில் நிவி:

"அப்பா, அங்க இன்னும் பத்து மணி ஆகல, அல்வா?"

(கன்னட அல்வா, 'இல்லையா' என்று அர்த்தம். அது இல்லாமல் அவளுக்கு வாக்கியம் முடியாது.)

"ஆகலையே. எட்டரைதான்."

"சண்டேதானே?"

"சண்டேதான்."

"அப்ப பத்து மணிக்குள்ள நம்ம மாடிப்படிக்கு வந்துடு. கண்டிப்பா."

ஒரே சிரிப்பு அந்தப் பக்கம். "சரி கண்ணு, அப்பா பாத்துக்கறேன்."

ராத்திரி எட்டரைக்குத் தேடினால் ஆளைக் காணோம். மாடிப்படியில், ஐந்தாவது படியில் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டால் அசையவில்லை. தூக்கிக்கொண்டு வந்தேன். எதற்கு அங்கே போய்?

ஜூன் 15, திங்கள். மழை இல்லை, புழுக்கம்.

வாங்க: பால் 2, பிரெட், நிவிக்கு சாக்ஸ். டீச்சருக்கு மெசேஜ், ஜுரம் என்று பொய்.

துணி மடிக்கும்போது அவள் ரஃப் நோட்டு கிடைத்தது. காமிக்ஸ் மாதிரி கட்டம் போட்டிருக்கிறாள். முதல் கட்டம்: படி மேல் பெட்டி. இரண்டாவது: பெட்டிக்குள் சான்வியின் ரெட்டை ஜடை. மூன்றாவது: பெட்டிக்குப் பின்னால் இரண்டு கை. நிவியின் பச்சை வளையல் போட்ட கை. நான்காவது: வெள்ளைக் கோட்டு போட்ட ரகு, படியில் குறுக்கே நின்று இரண்டு கையையும் விரித்து.



கிளம்பும் முன் ர. வாங்கிக் கொடுத்த எட்டுப் புத்தகங்கள். கையில் மின்னல் வரும் ஒரு பெண். அவளுடைய அப்பா விஞ்ஞானி. எது தப்பாகப் போனாலும் கோட்டை மாட்டிக்கொண்டு நேற்றுக்குப் போய்ச் சரிசெய்துவிட்டு வருவார். இவளுடைய அப்பாவும் விஞ்ஞானி. அரிசி கோதுமையில் விழும் வண்டுகளைப் பற்றி ஆராய்ச்சி. ஏர்போர்ட்டில் அவரே சொன்னது: "அப்பாவும் நேத்துக்குத்தான் போறேன் பாரு." நாலு மாதமாகக் காலையில் பேசும்போதெல்லாம் அதே ஜோக், "இங்க இன்னும் நேத்துதான் கண்ணு."

"நீ தள்ளினியா நிவி?"

வளையலை உருட்டினாள்.

"அம்மா திட்ட மாட்டேன். சொல்லு."

"சொல்லக் கூடாது."

"ஏன்?"

"வாயால சொல்லிட்டா அது நடந்ததா ஆயிடும். அப்புறம் அப்பாவால மாத்த முடியாது. செகண்ட் புக்ல ரூல் இருக்கு."

இருக்கிறது. பக்கம் புரட்டிக் காட்டினாள்.

ஜூன் 16, செவ்வாய்.

சாத்துக்குடியும் மொபைல் டார்ச்சும் வைத்துப் பகல், இரவு, பத்தரை மணி நேரம் எல்லாம் விளக்கினேன். எம்.எஸ்ஸி. படித்தவள் நான். பொறுமையாகக் கேட்டாள். "தெரியும்மா, பூமி சுத்துது. அதனாலதான் அப்பா பின்னால இருக்கார்."

எட்டுப் புத்தகத்தையும் நானே படித்தேன். அந்தக் கோட்டு அப்பா தோற்கும் இடம் ஒன்றாவது வேண்டும். நாலாவதில் கிடைத்தது. பாலம் இடிந்துபோகிறது, அவர் தாமதமாக வருகிறார், நரைத்த தலையோடு தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்துவிடுகிறார். ஓடிப் போய்க் காட்டினேன்.

"அது ஃபோர்த் புக். ஃபிஃப்த்ல சரி பண்ணிட்டார்."

சாயங்காலம் ர.விடம் அவள் கேட்டது: "மெஷின் ரெடியா?" அவர்: "இன்னும் ரெண்டு ஸ்க்ரூ பாக்கி." சிரிப்பு வேறு. போனைப் பிடுங்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போனேன்.

"விளையாடாதீங்க. அவ நெஜம்னு நம்பறா."

"குழந்தைதானே. நம்பட்டுமே, அதுல என்ன?"

"சான்வியைத் தள்ளினது இவ."

"யாருக்குத் தெரியும்?"

முதல் கேள்வி அதுதான். குழந்தை எப்படி இருக்கிறாள் என்பதில்லை. எந்தக் குழந்தையைப் பற்றியும் இல்லை.

"மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசறேன்." வைத்துவிட்டார்.

ஜூன் 17, புதன். மறுபடி மழை.

ஆஸ்பத்திரி. டாக்டர் சான்வியிடம் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் போடச் சொன்னார். வரவில்லை. முயற்சி செய்கிறாள், நுனி வளையவே இல்லை. நரம்பு அதிர்ச்சி, பெரும்பாலும் தானாகத் திரும்பும், மாதங்கள் ஆகலாம் என்றார். "பெரும்பாலும்" என்ற இடத்தில் சுமா என் கையைப் பிடித்தாள். விடவே இல்லை.

வராண்டாவில் சொன்னாள்: "நீவு இல்திதிரே நான் ஏன் மாட்தித்தே ரீ." நீங்கள் இல்லாவிட்டால் நான் என்ன செய்திருப்பேன் என்று. உண்மை வாய் வரை வந்தது. முழுங்கினேன். நிவியைவிட நான் என்ன யோக்கியம்?

பெட்டி தானாகத்தான் சறுக்கியது என்று சான்வி சொல்லியிருக்கிறாளாம். அவளும் அந்தப் புத்தகங்களைப் படித்தவள்.

ர.வுக்கு மூன்று மெசேஜ். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

ஜூன் 18, வியாழன்.

மத்தியானம் சான்வியை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் சுமா மேலே வந்தாள். "நிவி எல்லி? சான்வி கேள்த்தானே இத்தாளே." வந்ததிலிருந்து நிவி எங்கே, நிவி எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். நிவி கட்டிலுக்கு அடியில். தூங்குகிறாள் என்றேன்.

சுமா போன பிறகு நானும் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டேன்.

"ஒரு தடவ பாத்துட்டு வரலாம் கண்ணு. சாரிகூட வேண்டாம். சும்மா."

"அவ கைக்கட்டைப் பாத்துட்டா நடந்ததா ஆயிடும்மா."

"நடந்துடுச்சு நிவி."

காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு, மெதுவாக: "அப்பா முடியாதுன்னு சொன்னாரா?"

"அம்மா சொல்றேனே."

"நீ சயின்டிஸ்ட் இல்லயே."

சாப்பிடவில்லை. இரண்டு வாய் தயிர் சாதம், அதுவும் வாந்தி. கீழே சான்வி வலியில் அழும் சத்தம் இங்கே கேட்கிறது. இவள் தலையணையைத் தலைமேல் அழுத்திக்கொண்டு தூங்குகிறாள்.

ரகு, இன்றைய பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்புகிறேன். திட்டுவதற்காக இல்லை, திட்டத் தெம்பும் இல்லை. சுமாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், அது என் பொறுப்பு. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். நிவியைக் கூப்பிட்டு, ஜோக் அடிக்காமல், அப்பாவால் முடியாது என்று சொல்லுங்கள். மெஷின் இல்லை, நேற்றுக்கு யாரும் போக முடியாது, அப்பாவும்தான் என்று. அழுவாள். அழட்டும். அழுது முடித்ததும் கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போகிறேன். நான் சொன்னால் எடுபடவில்லை. நாலு நாளாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். மீட்டிங் இருந்தாலும் பரவாயில்லை, சீக்கிரம் பதில் போடுங்கள்.