சுஜியின் முன்பல்

காரோடு
18.8.1996

அன்பு மகள் லேகாவுக்கு அப்பா எழுதுவது, ஆண்டவர் கிருபையில் நானும் அம்மையும் உன் மகள் சுஜியும் சுகம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்கவேண்டும். டூட்டிக்கு இடையில் தண்ணீர் குடிக்க மறக்காதே, நர்சுக்கே புத்தி சொல்கிறாரே என்று சிரிக்காதே மக்கா.

நேற்று சுஜிக்கு எக்ஸ்ரே எடுத்தோம். பல் நிற்கும். பள்ளிக்கூடத்தில் விழுந்து அடிபட்டு அது ஆடினபோது, பால்பல் என்று நினைத்து, நல்லா ஆட்டி விடு மக்கா, விழுந்தா ஓட்டுமேல எறியலாம் என்று அம்மை சொன்னதும், பிள்ளை பாடுபட்டு ஆட்டினதும் உனக்குத் தெரியும். ஈறில் சீழ் கட்டினபிறகுதான் அது விழுந்தால் இனி முளைக்காத பல் என்று தெரிந்தது. பனச்சமூட்டு டாக்டர் பிடுங்கலாம் என்றார், நீயும் அதையே எழுதினாய். காரக்கோணத்து டாக்டரம்மாதான், வேர் வளர்ந்து முடியாத பல், அடியில் திறந்து கிடக்கிறது, செத்த நரம்பை எடுத்துக் கழுவி, அடியிலிருந்து கொஞ்சம் ரத்தம் உள்ளே ஏறவிட்டு மேலே அடைத்துப் பார்ப்போம், உறுதி சொல்லமாட்டேன் என்றார். அப்படியே செய்து மாதம் ஆறு ஆகிறது. நேற்று பழைய படத்தையும் புதுப் படத்தையும் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மொட்டையாய் நின்ற வேர் நீண்டிருக்கிறது, அடிவாயும் மூடி வருகிறது. உள்ளே வளர்ந்து வந்தது பழைய நரம்பேதானா என்று கேட்டேன். சொல்லமுடியாது, எலும்பு மாதிரி வேறு ஏதாவதாய் இருக்கலாம், ஆனாலும் பல்லைத் தாங்கும் என்றார். எனக்கு அது போதும். சுஜிக்கு, ஏத்தங்காய் உப்பேரியை மொறுமொறுவென்று எப்போது கடிக்கலாம் என்பதுதான் கவலை.

இனி அம்மை காரியம். பல்லை ஆட்டச் சொன்னது யார் என்று நீ கோபமாய் எழுதின கடிதத்தை, பள்ளியில் மலையாளம்தானே, தமிழும் பழகட்டும் என்று சுஜியிடம் உரக்க வாசிக்கக் கொடுத்துவிட்டேன், அம்மை பக்கத்தில் இருந்து கேட்பதை யோசிக்கவில்லை. அன்றிலிருந்து பிள்ளைக்குக் கஞ்சி என்றால் அம்மைக்கும் கஞ்சிதான், ஒரு பப்படம்கூடக் கடிக்கவில்லை. கேட்டால் வயிறு சரியில்லை ஆக்கும் என்பாள். நேற்று பல் நிற்கும் என்று கேட்டதும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் வேணும்னு செய்யல்லன்னு லேகாட்ட எழுதணும் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே சொன்னாள். அவளை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

வெயிலில் அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். ஒன்று மறக்காதே, இதற்குப் பதில் எனக்கு வேண்டாம். கவரில் அம்மை பேரை எழுது. இரண்டு வரி போதும், பெரிய எழுத்தாய் எழுது, அவளே எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜெயதாஸ்